இறாலுக்கு இரண்டு வீடு



போன வாரம் முருங்கைக்காய் போட்ட இறால் குழம்பைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "ஒட்டன்சத்திரத்துக்காரி முருங்கைக்காய் இல்லாம எதையும் சமைக்க மாட்டா" என்று கேலி செய்தவர்கள் செய்தீர்கள். அதற்கு நடுவே ஒருவன் உருப்படியான கேள்வி கேட்டிருந்தான். 1996-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இன்று நம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். "டீச்சர், மீன்காரர் இது கடல் இறால்ங்கிறார், விலை கூடச் சொல்றார். அது வளர்ப்பு இறால்ங்கிறார், விலை கம்மி. கடல் இறால்னா கடல்ல எங்க இருக்கும்? நடுக்கடல்லயா, கரையிலயா?"

இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அதே வாரம் என் அக்கா மகனும் வேறு ஒரு விஷயமாகப் போன் செய்தான். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், தேர்வு வைக்க மாட்டேன்.

மலையடிவாரத்துக்காரிக்கு இறாலைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே இறால், சந்தையில் படிக்கணக்கில் அளந்து விற்ற காய்ந்த சென்னாக்கூனிதான். 1976-ல் என் அக்காவை முத்துப்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். நான் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் லீவு விட்டால் அக்கா வீடுதான். பச்சை இறாலை முதன்முதலில் நான் பார்த்தது அங்கேதான்.

ஒரு முறை அத்தான் எங்களை ஜாம்புவானோடையிலிருந்து படகில் கோரையாற்று வழியாக அலையாத்திக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கரையிலும் சேற்றுக்குள்ளிருந்து பென்சில் நட்டு வைத்தது போல மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் காட்டைத் தாண்டினால் ஏரி போல அகலமாக உப்புநீர்ப் பரப்பு. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. அதற்கும் அப்பால் கடல். அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து, வேர்களுக்குப் பக்கத்தில் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்கிக் காட்டினார். துண்டில் கண்ணாடித் துண்டுகள் போல என்னவோ துள்ளின. கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. "இதுதான் புள்ள நீ நேத்து தின்ன இறாலு. இது இன்னும் பள்ளிக்கூடத்துல படிக்குது" என்றார். துண்டைத் திரும்பத் தண்ணீரில் உதறிவிட்டார்.

ஆசிரியப் பயிற்சி முடித்த எனக்கு அத்தான் நடத்திய அந்தப் பாடம் இன்று வரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு படித்தும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த என் மாணவி ஒருத்தியிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

நாம் அதிகம் சாப்பிடும் வெள்ளை இறால், கறுப்பு வரி போட்ட டைகர் இறால் இரண்டும் முட்டை விடுவது கடலில். கரையைத் தாண்டிய ஆழத்தில், மணலும் சேறும் கலந்த தரைக்கு மேலே ஒரு பெண் இறால் ஒரே இரவில் லட்சக்கணக்கில் முட்டை விடும். கோழி மாதிரி அடைகாப்பது கிடையாது, தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். வெளியே வருவது இறால் மாதிரியே இருக்காது, கால் முளைத்த புள்ளி போல இருக்கும். ஆரம்பத்தில் வாய் வைத்துச் சாப்பிடவும் தெரியாது, உடம்பில் இருக்கும் மஞ்சள்கருவே சாப்பாடு. மேல்தோலைக் கழற்றிக் கழற்றி உருவம் மாறி, பத்துப் பன்னிரண்டு நாளில் இறால் வடிவத்துக்கு வரும். அப்போதும் ஒரு சென்டிமீட்டர்கூட இராது.

அந்தக் குஞ்சு அடுத்துச் செய்வதுதான் எனக்கு அதிசயம். கடலேற்றம் வரும்போது தண்ணீரோடு சேர்ந்து கரையை நோக்கி வருகிறது. வற்றம் திரும்பி இழுக்கும்போது தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி கிளம்புகிறது. இப்படி ஏறி ஏறி, முகத்துவாரம் வழியாக ஆறும் கடலும் கலக்கும் கழிக்குள் புகுந்துவிடுகிறது.

கழியில் என்ன இருக்கிறது? முதலில் சாப்பாடு. அலையாத்தி இலை விழுந்து மட்கி, அதில் நுண்ணுயிர்கள் பெருகி, சேறே சத்துமாவு போல ஆகிவிடுகிறது. அடுத்தது பாதுகாப்பு. ஆழமில்லாத கலங்கல் தண்ணீரில், வேர்களுக்கு இடையில், பெரிய மீன்கள் எளிதில் நுழைய முடியாது. மூன்றாவது, உப்பின் அளவு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கழியில் ஆற்றுநீர் கலப்பதால் அது குறையும். குஞ்சுப் பருவத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை இறால் நன்றாகத் தாங்கும். அங்கே சில மாதம் தின்று வளர்ந்து, ஐப்பசி கார்த்திகை வெள்ளம் வரும்போது கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். ஏனென்றால் முழு வளர்ச்சி அடைந்து முட்டை விட அதற்குக் கடல்தான் வேண்டும்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பிறப்பதும் முட்டையிடுவதும் கடலில். வளர்வது கழியில். இறாலுக்கு இரண்டு வீடு. இரண்டில் ஒன்றைப் பூட்டினாலும் வம்சம் தங்காது.

எல்லா இறாலும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும் பச்சை வரி இறாலின் குஞ்சுகள் ஆற்று முகத்தைத் தேடிப் போவதைவிட, கடலுக்குள்ளேயே இருக்கும் கடற்புல் மேய்ச்சல் நிலங்களில் வளர்கின்றன. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து மீனவர்களுக்கு அது முக்கியமான வருமானம். கடற்பசுவுக்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்களே, அங்கே காப்பாற்றப்படும் புல் பசுவுக்கு மட்டும் இல்லை, இந்த இறாலுக்கும்தான்.

கேரளாக்காரர்கள் கரிக்காடி என்று சொல்லும் சின்ன இறால் கழிப்பக்கமே வராது, வாழ்நாள் முழுக்கக் கடல்தான். கொல்லத்துக்கு வெளியே 200 மீட்டருக்கும் கீழே, வெளிச்சமே எட்டாத ஆழத்தில் சிவப்பு நிற இறால்கள் இருக்கின்றன. நம் சென்னாக்கூனி, கரையோரத் தண்ணீரில் மேகம் போலக் கூட்டமாக மிதந்து திரிவது. காவிரியில் கிடைக்கும் நீண்ட காலுள்ள ஆற்று இறாலின் கதையோ தலைகீழ். அது வாழ்வது நல்ல தண்ணீரில். முட்டையை வயிற்றடியில் சுமந்துகொண்டு உவர்நீரை நோக்கிக் கீழே இறங்கும். குஞ்சுகள் திரும்ப ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி வரும்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்தைப் பாடும்போது கடலோடு கழியும் கானலும் சேர்ந்தே வரும். இறாலுக்கு அவர்கள் வைத்த பெயர் இறவு. பிச்சாவரத்தில் இருளர் மக்கள் இன்றும் பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடியே கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். எந்த வேருக்கடியில் கை விட வேண்டும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். பழவேற்காட்டில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். கழி எல்லோருக்கும் பொது என்று தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு அது.

இதில் ஒட்டன்சத்திரத்துக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். நான்காம் வகுப்பில் உங்களை எல்லாம் வரைபடத்தில் விரல் வைத்து ஆற்றோடு போகச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? இப்போதும் விரலை வையுங்கள். பழனி மலையில் பெய்யும் மழை பரப்பலாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து நங்காஞ்சியாறாக விருப்பாச்சி, இடையகோட்டை வழியாகப் போய் அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அந்தக் கோரையாறு போய்ச் சேரும் இடம்தான், அத்தான் எனக்குத் துண்டில் இறால் பிடித்துக் காட்டிய முத்துப்பேட்டைக் கழி.

நம் மலைத்தண்ணீர் முழுதும் அங்கே போய்விடுகிறது என்று சொல்ல வரவில்லை. வழியில் எத்தனையோ அணை, எத்தனையோ வயல். ஆனால் எல்லா ஊர்த் தண்ணீரிலும் கொஞ்சம் கடைசி வரை போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஆற்றுநீர் வராத கோடையில் கழியின் உப்பு கடலைவிடக் கூடிவிடும். தண்ணீர் வரத்து குறைந்தால் முகத்துவாரத்தை மணல் மூடும். "ஆத்துத் தண்ணி கடல்ல வீணாப் போகுது" என்று டீக்கடையில் பேசும்போது, அதில் ஒரு பங்கு இறால் குஞ்சின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இனி என் அக்கா மகன் விஷயம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஆறு மா நிலம். டெல்டாக் கணக்கில் ஒரு மா என்றால் 33 சென்ட், நம் கணக்கில் மொத்தம் இரண்டு ஏக்கர். வாய்க்காலை ஒட்டிய நிலம். 1993 வாக்கில் இரண்டு வயல் தள்ளி ஒரு கம்பெனி நிலம் வாங்கி இறால் குட்டை வெட்டியது. கடல்நீரை மோட்டார் வைத்து இறைத்து நிரப்பினார்கள். மூன்றாவது வருடம் அக்கா வீட்டுக் கிணறு கரித்தது. நெல் பயிர் நுனி கருகிப் பாதியில் நின்றது. குடிதண்ணீருக்கு அக்கா குடத்தோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். அதற்குள் வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் வந்து குட்டையிலிருந்த இறால் எல்லாம் செத்தது. கம்பெனி போட்டது போட்டபடி கிளம்பிவிட்டது. உப்பு மட்டும் போகவில்லை. அத்தான் அந்தக் கவலையிலேயே தளர்ந்து போனார். எத்தனையோ வருட மழை கழுவிய பிறகுதான் அந்த நிலம் ஒரு போகம் சம்பாவுக்குத் திரும்பியது. 2011-ல் அக்காவும் போய்விட்டாள்.

அக்கா வீட்டுக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. தஞ்சை, நாகைக் கடற்கரை முழுக்க அப்போது இதே பேச்சு. எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றவர் நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டிவீரன்பட்டிப் பக்கம் நிலமில்லாத குடும்பத்தில் 1926-ல் பிறந்த கிருஷ்ணம்மாள் அம்மா. அவரும் அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் காந்திய வழியில் வந்தவர்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர்கள். இறால் குட்டைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் ஐயா 1994-ல் உச்சநீதிமன்றம் போனபோது அவருக்கு வயது 80-ஐ ஒட்டி. 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர மற்ற இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் அலையாத்திக்காட்டையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பதிவு செய்து பண்ணை நடத்த வழி பிறந்தது. அவர்கள் இருவருக்கும் 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருதும், கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கு 2020-ல் பத்மபூஷணும் கிடைத்தன.

இப்போது குட்டைகளில் இருப்பது பெரும்பாலும் வனாமி இறால். மெக்சிகோவிலிருந்து பெரு வரை உள்ள பசிபிக் கடற்கரைதான் அதன் சொந்த ஊர். 2009-ல் இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. நோயில்லாத தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொடுப்பார்கள். மீன்காரர் விலை குறைத்துச் சொன்ன வளர்ப்பு இறால் பெரும்பாலும் இதுதான். அதைச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தொழிலில் என் மாணவர்களே மூன்று பேர் இருக்கிறார்கள். உரிய இடத்தில், பதிவு செய்து, கழிவுநீரைச் சுத்தம் செய்து விடும் பண்ணைகளும் உண்டு. அதனால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

அக்கா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகள் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த ஆறு மா நிலத்தைப் பத்து வருடத்துக்குக் குத்தகை கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். வனாமிக் குட்டை வெட்டுவதற்காக. ஒரு போகம் நெல்லில் வருவதைப்போல ஐந்து மடங்கு தருகிறாராம். "சித்தி, அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று போனில் கேட்டான். அவன் குரலில் இருந்த சங்கடம் எனக்குத் தெரியும். பணம் தேவையில்லாதவன் கேட்கும் கேள்வி இல்லை அது.

தம்பி, உனக்கு நான் உத்தரவு போட முடியாது. ஃபீஸ் கட்டுபவன் நீ. ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால் மூன்று விஷயத்தை நேரில் போய்ப் பார்.

ஒன்று, அவரிடம் ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேள். வாய்ப்பேச்சு வேண்டாம், காகிதத்தைக் கையில் வாங்கிப் படி. நெல் விளையும் நிலத்தில் குட்டை வெட்ட அனுமதி எப்படிக் கிடைக்கும் என்றும் கேள். என்ன பதில் சொல்கிறார் என்று பார்.

இரண்டு, நம் நிலத்துக்கு அடுத்தாற்போல இன்னும் நெல் போடுகிற நான்கு வீடுகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா. பத்து வருடம் கழித்து அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யோசி. அம்மா குடம் சுமந்த தூரம் உனக்கு ஞாபகம் இருக்கும், கூடவே நடந்தவன் நீ.

மூன்று, குட்டைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் நம் வாய்க்காலுக்கு வரும். வாய்க்கால் கோரையாற்றுக்கு, கோரையாறு கழிக்கு. மிச்சத் தீவனமும் மருந்தும் நோயும் அதே வழியில்தான் போகும். அப்பா துண்டை உதறி விட்ட இடத்தில்தான் போய்ச் சேரும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த அலையாத்திக்காட்டை எப்படி ஒடித்துப் போட்டது என்று நீயே பார்த்தாய். அது மெல்ல மெல்லத் தழைத்து வருகிறது.

வேண்டாம் என்று முடிவு செய்தால் ஃபீஸுக்கு என்ன வழி என்று கேட்பாய். நியாயம்தான். உவர் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களை வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். அதில் ஐந்து மடங்கு வராது, பொய் சொல்ல மாட்டேன். அதனால் முதல் இரண்டு வருட ஃபீஸில் பாதி என் பென்ஷனிலிருந்து. பாப்பா வேலைக்குப் போன பிறகு எனக்கு ஊசி போட்டுக் கழித்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கத்துச் சொந்தங்களும் இதைப் படிக்கிறீர்கள். பெரியவர்கள் யாராவது மீதிப் பாதிக்கு வாய் திறந்தால் நன்றாக இருக்கும். அக்கா கையால் இறால் குழம்பு சாப்பிடாதவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை.

மார்க்கெட்டுக்காரத் தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை கடல் இறால் வாங்கும்போது மீன்காரரிடம் எந்த ஊர்த் துறையிலிருந்து வந்தது என்று கேள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகு போகாது, இனப்பெருக்கத்துக்காக விட்ட இடைவெளி. அந்த நாட்களில் உன் கடை முருங்கைக்காயைப் பருப்பில் போட்டுச் சாப்பிடு, ஒன்றும் குறைந்துவிடாது.

வருகிற சனிக்கிழமை நானும் முத்துப்பேட்டைக்கு வருகிறேன் தம்பி. திண்டுக்கல் போய், தஞ்சாவூர் பஸ் பிடித்து வந்துவிடுவேன். நிலத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை சுற்றிப் பார்ப்போம். அதுவரை கையெழுத்து வேண்டாம்.

உங்கள் அன்பு டீச்சர்
ஒட்டன்சத்திரம்